யெஸ்டி பைக்கை ஏற்காடு ஏற்றி, பிஸ்டன் பிடிக்காமல் இறக்குவது எப்படி?

"ஏறின கியரிலேயே இறங்கு" என்பது மலைப்பாதையில் எல்லோரும் சொல்லித் தரும் பாடம். பஸ்ஸுக்கும் காருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கும் அது முழுக்கச் சரி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற பழைய டூ ஸ்ட்ரோக் யெஸ்டிக்கும் ஜாவாவுக்கும் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதி தெரியாமல் இருபது கொண்டை ஊசியையும் ஆக்சிலேட்டரை மூடியபடி இறங்கினால், ஏறும்போது ஒன்றும் ஆகாத பிஸ்டன் அடிவாரம் வருவதற்குள் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் 1961 முதல் 1996 வரை வந்த இந்த 250 சிசி வண்டிகளின் கணக்கு ஒன்றுதான்: 65 மி.மீ. போர், 75 மி.மீ. ஸ்ட்ரோக், 248.5 சிசி. கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் இரு முனைகள், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் ஆயில் போவது பெட்ரோலோடு சேர்ந்துதான். பெட்ரோல் போகவில்லையென்றால் ஆயிலும் போகவில்லை என்று அர்த்தம். ஆர்எக்ஸ் 100 மாதிரி தனி ஆயில் பம்ப் உள்ள வண்டிகளில் இன்ஜின் சுற்றும்வரை பம்பும் சுற்றும், கொஞ்சமாவது ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். யெஸ்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் கலவை. சேலம் டவுனுக்குள் செமி சிந்தெடிக் டூ-டி (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) ஆயிலை லிட்டருக்கு 30 மி.லி. ஊற்றி ஓட்டுகிறவர்கள், மலைக்குக் கிளம்பும் டேங்கில் லிட்டருக்கு 40 மி.லி. ஊற்றுங்கள். சைலன்சரில் புகை கூடும்; ஒரு நாளைக்குப் பரவாயில்லை. டேங்கில் பெட்ரோலை நிரப்பிவிட்டு மேலே ஆயிலைக் கவிழ்ப்பது தப்பு. கனமான ஆயில் அடியில் இறங்கி பெட்ரோல் டேப் வழியாக நேரே கார்பரேட்டருக்குப் போகும், அங்கே பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட் அடைக்கும். ஒரு கேனில் பாதி பெட்ரோல், முழு ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல். பங்க்கிலேயே கலக்க வேண்டியிருந்தால் டேப்பை மூடி, ஆயிலை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை வேகமாக அடிக்கச் சொல்லுங்கள். வழிக்கு 150 மி.லி. ஆயிலை ஒரு சின்ன பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் போட நேர்ந்தால் ஆயிலைத் தேடி அலைய வேண்டாம்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டில் காற்று-பெட்ரோல் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இருக்காது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே காற்று லேசாக இருப்பதால் அதே ஜெட் ஆறு சதவீதம் போலக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். ஆகவே ஏரிக்கரையில் ஓடும்போது வண்டி ஏறக்குறைய சரியாக இருக்கும். மெலிந்து காய்வது அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், முதல் ஏழெட்டு வளைவு வரை. வெயில், பாரம், மெலிந்த கலவை மூன்றும் சேரும் இடம் அது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கினால் போதும். அதற்காக ஏற்காட்டுக்குப் போய் கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவாரம் தங்குகிறவர்களுக்குத்தான் அது.

காற்று-பெட்ரோல் கலவை சரியா என்று பார்க்க, பத்தாவது வளைவு தாண்டி ஒதுங்க அகலமான இடம் பாருங்கள். ஏற்றத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து, ஓரம் கட்டுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தினால் ஸ்பார்க் ப்ளக்கின் நிறம் பொய் சொல்லும். பத்து நிமிடம் ஆறவிட்டுக் கழற்றுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை ப்ளக்கோடு வரும். பீங்கான் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நிம்மதி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அங்கிருந்து மெதுவாகப் போங்கள், அல்லது திரும்புங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் ஒன்றும் அவசரமில்லை.

வெளுப்புக்கு ஜெட் மட்டுமே காரணமாக இருக்காது. ப்ளக்குக்குப் பொறி விடும் பாயின்ட் இருக்கும் வலது பக்கம் கிராங்க் ஆயில் சீல் போயிருந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே இழுக்கும். எத்தனை பெரிய ஜெட் போட்டாலும் தீராது. ஐட்லிங் தானாக ஏறி இறங்குவது அதன் அடையாளம். இடது பக்க சீல் போனால் கதை வேறு: கிளட்ச் பக்கத்து கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும், வெள்ளைப்புகை கக்கும், கியர் பாக்ஸில் அளவு குறையும். மலைக்கு முன் கியர் ஆயில் அளவைப் பார்ப்பது இதற்காகவும்தான்.

மற்றவை சீக்கிரம் முடியும். பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ., ஃபீலர் கேஜ் வைத்து. அதன் பிறகுதான் டைமிங். ப்ளக் 0.6. போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட இன்ஜின் 1,000 கி.மீ. ஓடாமல் மலை ஏறக்கூடாது. இரண்டு சைலன்சரிலும் உள்ளங்கை வைத்துப் பாருங்கள். ஒன்றில் அழுத்தம் குறைவென்றால் உள்ளே கரி. பிரேக்குக்கு ஒரு எளிய சோதனை: பிரேக்கை முழுக்கப் பிடித்தபோது டிரம் மேலுள்ள லீவரும் ராடும் செங்கோணத்தைத் தாண்டி மடிந்தால் லைனிங் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியை இறக்கத்தில் நம்பக்கூடாது.

ஏறும்போது இடது காலைக் கவனியுங்கள். இந்த வண்டியில் கியர் லீவரை அழுத்தினாலே கிளட்ச் பாதி விடும். கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற வைத்த ஏற்பாடு அது. வளைவுக்கு வளைவு மாற்ற வேண்டியிருக்கிறதே என்று காலை லீவர் மேலேயே வைத்துக்கொண்டு ஏறினால் கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டே வரும், பாதி மலையில் கருகிய வாடை அடிக்கும். மாற்று, காலை எடு. இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவரில் இருக்கட்டும். இன்ஜின் சத்தம் மந்தமாகி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்தால் பிஸ்டன் பிடிக்கப் போகிறது; யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். பின் சக்கரம் பூட்டிக்கொள்ள அரை நொடி போதும்.

ஏற்றத்தில் நின்றதெல்லாம் பிஸ்டன் பிடித்ததாகாது. டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியின் துளை அடைத்திருக்கிறது, பெட்ரோல் இறங்கவில்லை. சூட்டில் நின்று, கால் மணி ஆறினால் கிளம்பி, மறுபடி சூட்டில் நின்றால் பெரும்பாலும் பாயின்ட்டோடு சேர்ந்த கண்டன்சர் கெட்டிருக்கும். பாயின்ட்டில் பெரிதாக நீலப்பொறி பறக்கும். ஒரு கண்டன்சர் பையில் கிடக்கட்டும். கிக்கர் கல்லாக நின்றால்தான் பிஸ்டன். தண்ணீர் ஊற்றாதீர்கள். அரைமணி ஆறவிட்டு, ப்ளக் துளையில் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் விட்டு, டாப் கியரில் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். விட்டுவிட்டாலும் மேலே ஏறாதீர்கள்.

இனி இறக்கம். மூடிய ஆக்சிலேட்டரில் கார்பரேட்டர் விடுவது ஐட்லிங்குக்கான துளி மட்டும். இரண்டாவது கியரில் சரிவு வண்டியைத் தள்ளும்போது இன்ஜின் ஐட்லிங்கைப்போல் மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். ஒருவர் சாப்பாட்டை நான்கு பேருக்குப் பரிமாறுவது மாதிரி. அதனால் பெரும்பகுதியை மூன்றாவது கியரில் இறங்குங்கள். சுற்று குறையும், பிடிமானமும் கொஞ்சம் இருக்கும். வளைவை நெருங்கும்போது மட்டும் இரண்டாவது. இரண்டு வளைவுக்கு நடுவிலுள்ள நேர்ச்சாலையில், பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைக் கால் பங்கு திறந்து மூடுங்கள். பின்னால் புகை வந்தால் ஆயில் போயிற்று என்று தெரிந்துகொள்ளலாம். இதை வளைவுக்குள் செய்யாதீர்கள்; அங்கே கையும் கவனமும் பிரேக்குக்கும், மேலே ஏறி வரும் பஸ்ஸுக்கும் வேண்டும். கொண்டை ஊசியில் பஸ் முழுச்சாலையையும் எடுக்கும், ஏறுகிறவருக்குத்தான் வழி.

நியூட்ரலில் விட்டு இறங்குவதும், அப்படியே இன்ஜினையும் அணைத்து இறங்குவதும் பிஸ்டனுக்கு நல்லதுதான், உங்களுக்கு நல்லதல்ல. முழுப்பாரமும் இரண்டு டிரம் மேல் விழும். டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும், லைனிங்கும் பளபளத்து வழுக்கும். லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து விடுங்கள், முன்னும் பின்னும் சேர்த்து. பாதி வழியில் ஒருமுறை பதினைந்து நிமிடம் நில்லுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் வேண்டாம்.

மூடுபனி நாளில் இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். ஆறு வோல்ட் விளக்கு அந்தப் பனியில் முன்சக்கரத்தைக்கூடச் சரியாகக் காட்டாது. இன்ஜின் சுற்று குறைந்தால் இன்னும் மங்கும்.

அடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தி டேப்பை மூடுங்கள். மூடாவிட்டால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாக ஆவியாக மேலும் இறங்கி, ஆயில் மட்டும் சேர்ந்துகொண்டே போகும், மறுநாள் கிக்கரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். காலையில் சாவி போடாமல் இரண்டு முறை கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நேற்றைய இறுக்கம் அப்படியே இருந்தால் சரி. உரசும் சத்தம் கேட்டாலோ, காற்றுப்போல இறங்கினாலோ ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்டைத் திறந்து சிலிண்டர் சுவரைப் பாருங்கள்.