பிஎஸ்6 டீசல் கார்: டிபிஎஃப், இஜிஆர் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

“இஜிஆரை அடைச்சிரலாம், டிபிஎஃப்பை எடுத்துரலாம் சார், பிக்கப் அள்ளும்.” பிஎஸ்6 என்ற புகை விதி அமலான ஏப்ரல் 2020க்குப் பிறகு டீசல் கார் வாங்கிய பலர் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள். இரண்டுமே புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள்: இஜிஆர் புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு, டிபிஎஃப் கரியைப் பிடிக்கும் ஃபில்டர். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

புகைக் கட்டுப்பாடு இன்ஜினைக் கெடுக்கும் என்ற பேச்சு பழையது, முழுப் பொய்யும் அல்ல. 1970களின் அமெரிக்கக் கார்கள் அதனால் நிஜமாகவே மந்தமாகின. கார்புரேட்டர் இன்ஜின்மேல் அவசரமாக ஒட்டவைத்த ஏற்பாடுகள் அவை. இன்றைய இன்ஜின் அப்படியல்ல. இந்தக் கருவிகளோடு சேர்த்தே வடிவமைக்கப்படுகிறது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றவற்றின் கணக்கும் தப்பும்.

இஜிஆர், இன்ஜின் விடும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் இன்டேக்கில், அதாவது காற்று உள்ளே போகும் வழியில், கரி படியும் என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு சுத்தம் செய்வது. தகடு வைத்து அடைத்தால் செக் இன்ஜின் லைட் எரியும், சில கார்கள் வேகத்தையே கட்டுப்படுத்திவிடும். அப்புறம் அந்த லைட்டை அணைக்க சாஃப்ட்வேரில் கை வைப்பார்கள். வாரன்டி அதோடு போச்சு.

டிபிஎஃப்தான் அதிகம் திட்டு வாங்குகிறது. டீசல் கரியைப் பிடித்து வைத்து, நிரம்பியதும் சுமார் 600 டிகிரியில் தானே எரித்துவிடும். அந்தச் சூட்டுக்காகக் கூடுதல் டீசல் செலவாகும். இது நடக்கும்போது ஐட்லிங் கொஞ்சம் ஏறும், ரேடியேட்டர் ஃபேன் ஓடும், மைலேஜ் மீட்டர் சரியும். பலர் ஏதோ கோளாறு என்று பயந்து வண்டியை அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது திரும்பத் திரும்ப நடக்கும். பல கார்களில் கரியை எரிக்கவென்று சிலிண்டருக்குள் தெளிக்கும் டீசல் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கிறது.

ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? டீசல் வாடை அடிக்கிறதா? ஆயில் குறையவில்லையே என்று சந்தோஷப்படாமல் உடனே மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தேய்த்துவிடும்.

டிபிஎஃப் லைட் எரிந்தால் நெடுஞ்சாலைக்குப் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் தாம்பரம் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் ஒரே சீராக 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எந்த வேகம், எந்த கியர் என்பதற்கு உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். லைட் மினுக்கினாலோ, செக் இன்ஜினும் சேர்ந்து எரிந்தாலோ ஓட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம், சர்வீஸுக்கு விடுங்கள்.

கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற அனுமதிக்காதீர்கள். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கும்.

அடிக்கடி அடைக்கிறதென்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டர்போ சீல் போய்விட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழுது அங்கே இருக்க, பழி ஃபில்டர் மேல் விழுகிறது. பெட்ரோல் காரிலும் இதே கதைதான்: ஒரு பிளக் வேலை செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும்.

முந்தைய விதியான பிஎஸ்4 படி டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் விடலாம், பிஎஸ்6இல் 4.5தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. ஃபில்டரை எடுத்த வண்டிக்குப் பின்னால் பைக்கில் குழந்தையை உட்கார வைத்துப் போகிறவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

பழைய பிஎஸ்6 டீசல் கார் வாங்கப் போகிறீர்களா? இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் துணியில் கரி அவ்வளவாக ஒட்டாது. கன்னங்கரேலென்று வந்தால் யாரோ அதை எடுத்திருக்கலாம், அல்லது அது உடைந்திருக்கலாம். புது டிபிஎஃப் என்ன விலை என்று விசாரித்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.