வாய்க்குள் பொருத்தும் உலோகக் கலவையைச் சோதிக்கும் முறை

விலையுயர்ந்த பல் உலோகமான பல்லேடியத்தை வெட்டியெடுக்கும் தென்னாப்பிரிக்காவிலேயே வாழ்ந்தாலும், டர்பனில் செயற்கைப் பற்களை வார்க்கும் பல் ஆய்வகம் நடத்தும் நம்மவர்களுக்கு நிக்கல்-குரோமியக் கலவையே விலைக்குக் கட்டுப்படியாகிறது. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் மலிவான தோட்டிலுள்ள நிக்கல் பட்டே காது புண்ணாகிப்போன பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு என்பதால், சோதிக்காமல் வார்ப்பது தகாது.

முதலில் சான்றிதழைப் படியுங்கள். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 22674 தரத்தின்படி, நச்சு உலோகங்களான பெரிலியமும் காட்மியமும் தனித்தனியே 0.02 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, நிக்கல் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். இந்த விவரம் இல்லாத கலவையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது ஐஎஸ்ஓ 10271 கூறும் அமிழ்த்தல் சோதனை. மாதிரித் துண்டுகளை வார்த்து, பீங்கான் பூசும் கலவையாயின் பீங்கானைச் சுடும் அதே சூட்டுச் சுற்றுகளுக்கு உட்படுத்தி, மேற்பரப்பில் 0.1 மி.மீ. தேய்த்தெடுத்து, 1200 எண் உப்புத்தாளில் முடித்து, எத்தனாலில் கழுவ வேண்டும். உருப்பெருக்கியில் ஊசிமுனை அளவுக் குழி தென்பட்டாலும் அந்தத் துண்டை ஒதுக்குங்கள். அரிப்பு பதுங்கும் இடம் அதுதான். 90 விழுக்காடு லாக்டிக் அமிலம் 10 கிராம், சோடியம் குளோரைடு 5.85 கிராம் சேர்த்து ஒரு லிட்டராக்கிய கரைசலின் பிஎச் ஏறத்தாழ 2.3 இருக்கும். ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 1 மி.லி. வீதம் ஊற்றி, மூடிய கண்ணாடிக் குப்பியில் 37 பாகை செல்சியஸில் 7 நாள் வையுங்கள். துண்டு போடாத வெறுங்கரைசல் குப்பியொன்றும் உடனிருக்க வேண்டும். கரைசல் தெளிவாகத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யலாகாது. கரைந்த உலோகத்தை, சானாஸ் என்னும் தென்னாப்பிரிக்கத் தேசிய அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

வரம்பு, 7 நாளில் சதுர செ.மீ.க்கு 200 மைக்ரோகிராம். இது எல்லா உலோகங்களின் கூட்டுத்தொகை என்பதால், நிக்கலின் அளவைத் தனியே எழுதித் தரும்படி கேட்பதே என் பரிந்துரை. மேலும், தரமுறை மேற்பரப்பைத் தேய்த்தே சோதிப்பதால் உங்கள் மெருகின் குறை அதில் தெரியாது. நோயாளிக்கு அனுப்பும் அதே மெருகில் இன்னொரு தொகுதியையும் ஊறவைத்து ஒப்பிடுங்கள்.

உயிரணுச் சோதனையை ஐஎஸ்ஓ 10993-5 விவரிக்கிறது. கலவையை ஊறவைத்தெடுத்த சாற்றில் வளர்ந்த செல்களின் உயிர்த்திறன் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அது நச்சு எனக் கொள்ளப்படும். ஆயினும், இதில் தேறிய கலவையும் ஒவ்வாமை உள்ளவருக்குத் தீங்கு செய்யலாம். தோடோ கைக்கடிகாரமோ பட்டுத் தோல் தடித்த அனுபவம் உண்டா என்று பல் மருத்துவர் கேட்டறிந்து, ஐயமிருந்தால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனைக்கு (ஒவ்வாமைப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்ப்பது) அனுப்ப வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உறுதியானவருக்கு, அளவு எவ்வளவு குறைவாயினும், நிக்கல் இல்லாத கலவையையே வார்த்து, அதன் தொகுதி எண்ணை அவரது அட்டையில் பதிந்து வையுங்கள்.