சார்ஜ் பம்ப் டபுளர்: லோடு ஏற்றினால் வோல்டேஜ் எங்கே போகிறது?

சார்ஜ் பம்ப் டபுளர் என்பது கெப்பாசிட்டரை மாறி மாறி ஏற்றி இறக்கி வோல்டேஜை இரட்டிக்கும் சுற்று. இரண்டு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர், ஒரு ஆஸிலேட்டர் (துடிப்புகளை உண்டாக்கும் பகுதி): அடிப்படைச் சுற்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 12 வோல்ட்டை இரட்டித்து 200 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டும்.

படி 1: டிரைவர். 555 டைமர் ஐசியை ஆஸிலேட்டராக மட்டும் வையுங்கள். சாதாரண 555-இன் அவுட்புட் 100 மில்லி ஆம்பியர் கொடுக்கும்போதே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். பின்னால் டிசி4420 போன்ற மாஸ்ஃபெட் கேட் டிரைவர் போடுங்கள். அவுட்புட்டை மேலே இழுக்கும்போதும் கீழே இழுக்கும்போதும் அதன் மின்தடை சுமார் 2 ஓம்தான்.

படி 2: டயோடு. குறைந்த வோல்டேஜ் இழப்புள்ள ஷாட்கி வகை, 1என்5819 போதும். சாதாரண ரெக்டிஃபையரான 1என்4007 இந்த வேகத்துக்கு ஆகாது.

படி 3: கெப்பாசிட்டர். இங்கேதான் நிதானம் வேண்டும். பம்ப் தானே ஒரு மின்தடை போல நடந்துகொள்ளும்; அதன் மதிப்பு 1 ÷ (அதிர்வெண் × கெப்பாசிட்டன்ஸ்). இந்தக் கணக்கில் 50 கிலோஹெர்ட்ஸ், 10 மைக்ரோஃபாரட் என்றால் 2 ஓம், இழப்பு 0.4 வோல்ட். அப்படியானால் 100 மைக்ரோஃபாரட் போட்டால் சரியாகிவிடுமே? ஆகாது. ஃப்ளையிங் கெப்பாசிட்டர் (டிரைவருக்கும் டயோடுகளுக்கும் நடுவில் இருப்பது) பாதி நேரம் ஏறுகிறது, பாதி நேரம் இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு பாதியிலும் அதில் ஓடுவது லோடு மின்னோட்டத்தைப் போல இரண்டு மடங்கு. ஏறும்போதும் இழப்பு, இறங்கும்போதும் இழப்பு. ஆகவே அதன் இ.எஸ்.ஆர் (கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும் தொடர் மின்தடை) நான்கு மடங்காகக் கணக்கில் வரும். 1 ஓம் இ.எஸ்.ஆர் உள்ள எலக்ட்ரோலிட்டிக் 0.8 வோல்ட்டைத் தின்றுவிடும். இதே காரணத்தால் டிரைவரில் 1.6 வோல்ட் போகும்.

டயோடுகளுக்கு 0.8 சேர்த்தால், 24-இல் மிஞ்சுவது தோராயமாக 20.4 வோல்ட். செராமிக் கெப்பாசிட்டருக்கு மாறினால் இ.எஸ்.ஆர் இழப்பு ஏறக்குறைய காணாமல் போகும். இன்னும் வேண்டுமா? எதிரெதிர் கட்டத்தில் ஓடும் இரண்டு பம்ப்களை ஒரே அவுட்புட்டில் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மின்னோட்டம் பாதி பாதியாகப் பிரியும், ரிப்பிளும் (அவுட்புட் வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) நன்றாகக் குறையும். அரை ஆம்பியருக்கு மேல் என்றால் இன்டக்டர் வைத்த பூஸ்ட் கன்வெர்ட்டருக்குப் போய்விடுங்கள்.

பிற்சேர்க்கை: செராமிக் போட்டும் வோல்டேஜ் ஏறவில்லை என்று சிலர் கேட்டார்கள். டிசி வோல்டேஜ் ஏற ஏற செராமிக்கின் மதிப்பு இறங்கும். சின்ன அளவு 25 வோல்ட் வகையில் 12 வோல்ட்டிலேயே பாதி போய்விடலாம். 50 வோல்ட், எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகை, பெரிய அளவு வாங்குங்கள். ஒய்5வி வகை வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அவுட்புட் ஷார்ட் ஆனால் சப்ளையிலிருந்து டயோடுகள் வழியாக மின்னோட்டம் நேராகப் பாயும். டிரைவரை நிறுத்தினாலும் அது நிற்காது. இன்புட்டில் ஃப்யூஸ் கட்டாயம். ஆனால் இன்புட் மின்னோட்டம் லோடைப் போல இரண்டு மடங்கு என்பதை நினைவில் வைத்து அதைத் தேர்ந்தெடுங்கள்.