ஒளவையும் ஔவையும் ஒன்றல்ல: பார்வையற்றோருக்காகப் புத்தகம் திருத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு எங்கள் குழுவுக்குப் புதிதாக நான்கு பேர் வந்தார்கள். பார்வையற்ற வாசகர்களுக்காகப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக்கும் ஓசிஆர் மென்பொருளில் போட்டு, பிழை திருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. வந்தவர்களில் ஒரு கல்லூரிப் பையன், 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானுக்கு மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன் அதே பொத்தானை அதே ஆசையோடு அழுத்தியவள் நான்.

பக்கத்தைக் கோணலாக வைப்பது, கட்டைவிரலையும் சேர்த்துப் படமெடுப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. இரண்டு புத்தகம் முடித்தால் தானாகச் சரியாகிவிடும். ஸ்கேன் துல்லியத்தில் 300 டிபிஐக்குக் கீழே இறங்க வேண்டாம், பொடி எழுத்தென்றால் 400 வையுங்கள். அவ்வளவுதான்.

## கண்ணை நம்புவது

என் மூன்றாவது புத்தகம் தமிழக வரலாறு. நானூறு பக்கத்துக்கும் மேல். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி கேட்டிருந்தார். ஓசிஆர் கொடுத்த எழுத்தில் கௌரவம், மௌனம், பௌத்தம் எல்லாம் கெளரவம், மெளனம், பெளத்தம் என்று வந்திருந்தன.

இப்போது படித்தீர்களே, அந்த இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரிந்ததா? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஔகாரத்துக்கு வலப்பக்கம் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் அச்சில் அச்சு அசலாக ஒன்றுதான். கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு. கண் பார்த்துப் படிக்கிறவர் 'கௌரவம்' என்று படித்துக்கொண்டு போய்விடுவார். திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அப்படி ஊகிக்காது, உள்ளே என்ன எழுத்து இருக்கிறதோ அதைத்தான் படிக்கும்: கெ, ள, ர, வ, ம்.

இந்த அளவுக்கு எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் வினை. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் தேடி, ஔகாரமாக மாற்றச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் மாற்றிவிட்டதாகக் கணினி சொன்னது. பெருமையாக இருந்தது. ஒரு புத்தகத்தில் ஆயிரம் கௌரவம் எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்க வேண்டாமா?

வெள்ளம், வெளி, தெளிவு, வெளியீடு எல்லாம் போயின. போதாக்குறைக்குப் பாதிப் புத்தகம் ஆங்கிலேயர் ஆட்சி. அதில் வெள்ளையருக்குப் பஞ்சமா? அத்தனை வெள்ளையரும் உருக்குலைந்தார்கள். ஆனால் என் திரையில் 'வௌியே' என்பது 'வெளியே' மாதிரியேதான் தெரிந்தது. முழுப் புத்தகத்தையும் மறுபடி ஒருமுறை கண்ணால் மெய்ப்புப் பார்த்து, திருப்தியோடு அனுப்பிவைத்தேன்.

ஐந்து வாரம் கழித்துத் தம்பி போன் செய்தார்.

"அக்கா, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. என் போன்லதான் கோளாறுன்னு குரலை ரெண்டு தடவை மாத்திப் பார்த்துட்டேன். 'வௌளையர் வௌஇயேறினர்'னே படிக்குது. உங்க புத்தகத்துல சரியாத்தானே இருக்கு?"

சரியாகத்தான் இருக்கிறது, அதுவும் திரையைப் பார்த்துக்கொண்டேதான், என்று நான் பதில் சொன்னேன்! அன்றைக்கு ராத்திரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அத்தியாயத்தைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்து வாரமாக ஒருவர், தேர்வை வைத்துக்கொண்டு, என் பிழையைத் தன் போனின் பிழை என்று நினைத்துச் சகித்துக்கொண்டு படித்திருக்கிறார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது, என் மேல்தான்.

ஒவ்வொரு சொல்லாகத் திருத்த மூன்று வாரம் ஆனது. மாற்றுவதற்கு முந்தைய கோப்பை நான் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருந்தால் ஒரு சாயங்கால வேலை.

இதற்கு ஒரு சுலபமான வழி இருப்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ளகரத்துக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். புள்ளியோ உயிர்க்குறியோ ஒட்டியிருந்தால் அது உண்மையான ளகரம்: வெள்ளம், வெளி, தெளிவு. தொடாதீர்கள். ஒன்றும் ஒட்டாமல் வெறும் ள நின்றால் அது பெரும்பாலும் ஔகாரம்: கௌரவம், சௌகரியம், வௌவால். சொல்லின் முதலில் வரும் ஒள என்பதற்கும் இதே கணக்குதான். 'ஒளி' அப்படியே இருக்கட்டும், 'ஒளவை'யை மட்டும் 'ஔவை' ஆக்குங்கள். அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளிலும் இதே சிக்கல் வரும். அந்த எழுத்துருக்களில் ளகரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் ஒரே விசைதான், மாற்றுகிற மென்பொருள் குழம்பிவிடுகிறது. ஓசிஆரே போடவில்லை, தட்டச்சுக் கோப்புதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

இன்னொரு இரட்டைப் பிறவி ரகரமும் துணைக்காலும். 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், காதுக்கு 'அவா கள்'. இங்கே மட்டும் தைரியமாகப் பொத்தானை அழுத்தலாம். துணைக்காலுக்கு மேல் புள்ளி வைக்கும் வழக்கம் தமிழில் கிடையாது. துணைக்கால் வந்து, பின்னாலேயே புள்ளியோ இகரக் குறியோ வந்தால் அது ரகரமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 'மரம்' 'மாம்' ஆவதையும் 'கால்' 'கரல்' ஆவதையும் எந்தப் பொத்தானும் பிடிக்காது.

அப்புறம் தமிழ் எண்கள். ௧, ௨, ௪, ௭, ௮ ஆகியவை பார்க்க க, உ, ச, எ, அ மாதிரியே இருக்கும். '௭ன்ன' என்று ஓசிஆர் கொடுத்ததை நான் எத்தனையோ முறை பார்த்துப் பார்த்துத் தாண்டியிருக்கிறேன். இந்த எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பழைய புத்தகங்களில் பக்க எண்ணே தமிழ் எண்ணில் இருக்கலாம், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆக, திருத்தி முடித்ததும் ஒருமுறை கேளுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், 2006இல் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது, தமிழும் படிக்கும். சந்தேகம் வந்த சொல்லில் அம்புக்குறி விசையைத் தட்டினால் எழுத்தெழுத்தாகச் சொல்லும். நான் சமைக்கும்போது கேட்பேன். அடுப்பங்கரையில் பிடித்த பிழைகள், மேசையில் உட்கார்ந்து பிடித்ததைவிட அதிகம்.

## பக்க எண்ணை அழிப்பது

'படிக்கும்போது நடுவில் எண் வந்து தொந்தரவு செய்கிறது' என்று நல்லெண்ணத்தோடு அழித்துவிடுகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் 87ஆம் பக்கத்தைப் புரட்டுங்கள் என்றால் அந்த மாணவி எதைப் புரட்டுவாள்? எண்ணைத் தனி வரியில், எப்போதும் ஒரே மாதிரி வையுங்கள். தொந்தரவு என்றால் தாண்டிப்போக அவளுக்குத் தெரியும்.

## வரி உடைப்பு

பழைய அச்சகங்கள் வரி முடிந்ததும் சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைத்துவிடும், இணைப்புக்கோடுகூடப் போடாது. 'கொண்டிருந்' ஒரு வரியிலும் 'தான்' அடுத்த வரியிலும் இருந்தால், கேட்கிறவருக்கு நடுவில் மூச்சு முட்டும். சேர்த்துவிடுங்கள்.

## 1978க்கு முந்தைய புத்தகம்

எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை வைத்த எழுத்துகள். ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம். ஓசிஆர் இவற்றில் நன்றாகத் தடுக்கி விழும். முதல் புத்தகமாக இதை எடுக்காதீர்கள், வெறுத்துப்போய் ஓடிவிடுவீர்கள். எங்கள் குழுவில் ஓடியிருக்கிறார்கள்.

## தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி விடுவது

தடிமன் காதுக்குத் தெரியாது. தலைப்புப் பாணியைப் போடுங்கள். திரைவாசிப்பானில் ஒரு விசையைத் தட்டி அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவ அதுதான் வழி.

## படத்தைத் தாண்டிப்போவது

'இங்கே ஒரு வரைபடம் உள்ளது' என்பது விவரிப்பு அல்ல, வெறுப்பேற்றுவது.

## ஆசிரியரைத் திருத்துவது

உங்கள் வேலை இல்லை. வட்டார வழக்கு, கெட்ட வார்த்தை, உங்களுக்குப் பிடிக்காத கருத்து, எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

## இருப்பதையே மறுபடி செய்வது

2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகத்தில் முதலில் தேடுங்கள். புக்‌ஷேர் இணைய நூலகத்திலும் தேடுங்கள். இரண்டு மாதம் மிச்சமாகலாம்.

## வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது

2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவில் பிரதி எடுக்க இடம் தருகிறது. லாபம் கூடாது. பிரதி அவர்களுக்கு மட்டும்தான் போக வேண்டும். மாமா கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார் என்று கொடுக்க அது அனுமதி அல்ல.

## தேதி போடாமல் அனுப்புவது

கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் திருத்திய தேதியைப் போடுங்கள். நான் போடவில்லை. தம்பி அந்த வரலாற்றுப் புத்தகத்தை, நல்ல மனசோடு, தன்னைப் போலவே தேர்வுக்குப் படித்த நண்பர்களுக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் வேறு யாருக்கோ கொடுத்தார்கள். திருத்திய கோப்பை அனுப்பியபோது, அது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, பழையது எத்தனை பேரிடம் தங்கியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் கையைத் தடுத்துவிட்டு, என்ன கோப்பு என்று கேட்டேன். பழக்கத்துக்காக யாரோ பென்டிரைவில் கொடுத்தார்களாம், ஏதோ வரலாற்றுப் புத்தகம். அதில் ஔகாரம் எல்லாம் தப்பாக இருக்கிறது, மொத்தமாகத் திருப்பி மாற்றப்போகிறேன் என்றான். ஒலியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். 'வௌளையர்' என்றது.

"யாரோ ரொம்ப அவசரமா பண்ணியிருக்காங்க மேடம்."

"ஆமாம்பா" என்றேன். "முதல்ல ஒரு பிரதி எடுத்து வை."