மார்வெல் படம் எல்லாம் ஒரே உலகத்தில் நடக்கிறதா? சூப்பர்ஹீரோ ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸிலிருந்து வந்த சூப்பர்ஹீரோ படங்கள் ஒரே கதையுலகைச் சேர்ந்தவையா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. சில படங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. பல தனித்து நிற்பவை. இன்னும் சில, பல ஆண்டுகள் தனியாக இருந்துவிட்டு மல்டிவெர்ஸ் (பல இணை உலகங்கள் உண்டு என்ற கதைக் கருத்து) வழியாக உள்ளே அழைத்துவரப்பட்டவை. குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் கதை அல்ல, ஒப்பந்தம். எந்தக் கதாபாத்திரத்தைப் படமாக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

தவறு: மார்வெல் சின்னம் இருந்தால் ஒரே உலகம் என்று நினைப்பது

1996இல் மார்வெல் நிறுவனம் திவாலானது. அந்தப் பத்தாண்டில் அதன் கதாபாத்திரங்கள் ஆளுக்கொரு ஸ்டுடியோவுக்குப் போயின. எக்ஸ்-மென் ஃபாக்ஸிடம், ஸ்பைடர்மேன் 1999இல் சோனியிடம், பிளேடு நியூ லைனிடம், ஹல்க் யுனிவர்சலிடம். ஆகவே 1998இன் ‘பிளேடு’, 2000இன் ‘எக்ஸ்-மென்’, 2002இன் ‘ஸ்பைடர்மேன்’, 2003இன் ‘ஹல்க்’ நான்கும் நான்கு தனி உலகங்கள். மார்வெல் ஸ்டுடியோஸ் சொந்தமாக எடுத்த முதல் படம் 2008இன் ‘அயர்ன் மேன்’. மார்வெல் சினிமாட்டிக் யுனிவர்ஸ், சுருக்கமாக எம்சியு, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படம் தொடங்கும்போது வரும் பெயர்களைக் கவனியுங்கள். ‘மார்வெல் ஸ்டுடியோஸ்’ என்று தயாரிப்பாளராகப் பெயர் வந்தால் பெரும்பாலும் எம்சியு. ‘மார்வெலுடன் இணைந்து’ என்ற பொருளில் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் வேறு ஸ்டுடியோவின் தனிப் படம்: சோனியின் ‘வெனம்’ (2018), ‘மோர்பியஸ்’ (2022), ‘மேடம் வெப்’ (2024), ‘கிரேவன்’ (2024) எல்லாம் இந்த வகை. டாம் ஹாலண்டின் ஸ்பைடர்மேன் படங்களில் இரண்டு ஸ்டுடியோக்களின் பெயரும் இருக்கும். 2015 பிப்ரவரியில் சோனியும் மார்வெலும் செய்துகொண்ட உடன்பாட்டால்தான் அவர் 2016இன் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் தலைகாட்ட முடிந்தது. 2019 ஆகஸ்ட்டில் அந்த உடன்பாடு முறிந்து, அடுத்த மாதமே ஒட்டவைக்கப்பட்டது. ஒட்டியிராவிட்டால் கதை எப்படிப் போயிருந்தாலும் அவர் எம்சியுவிலிருந்து வெளியேறியிருப்பார்.

தவறு: நடிகரின் முகத்தை ஆதாரமாகக் கொள்வது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சறுக்கல் இரண்டு பக்கமும் உண்டு.

முகம் ஒன்று, ஆள் வேறு: கிறிஸ் இவான்ஸ் 2005இல் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ஹியூமன் டார்ச், 2011இல் கேப்டன் அமெரிக்கா. மைக்கேல் கீட்டன் 1989இல் பேட்மேன், 2017இல் ஸ்பைடர்மேனின் எதிரி வல்ச்சர். இவை வெறும் நடிகர் தேர்வுகள்.

ஆள் ஒன்று, முகம் வேறு: 2008இன் ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ படத்தில் எட்வர்ட் நார்டன், 2012இன் ‘அவெஞ்சர்ஸ்’ முதல் மார்க் ரஃபலோ. நடிகர் மாறியதால் 2008 படத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அதில் ஜெனரல் ராஸாக வந்த வில்லியம் ஹர்ட் 2016இல் அதே பாத்திரத்தில் திரும்பினார். அதே படத்தின் வில்லன் அபாமினேஷன் 2021இன் ‘ஷாங்-சி’யில் வந்தான். எரிக் பானா நடித்த 2003 ‘ஹல்க்’குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது வகை இன்னும் தொல்லையானது: அதே நடிகர், அதே பாத்திரம், ஆனால் வேறு உலகம். டோபி மக்வயரின் ஸ்பைடர்மேன் படங்களில் பத்திரிகை ஆசிரியர் ஜேமிசனாக வந்த ஜே.கே. சிம்மன்ஸ், 2019இன் ‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ முடிவில் மறுபடி ஜேமிசனாகவே வருகிறார். அவர் எம்சியுவின் ஜேமிசன், பழையவர் அல்ல. மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியில் வயோலா டேவிஸின் அமாண்டா வாலரும், ஜான் சீனாவின் பீஸ்மேக்கரும் பழைய உலகம் மூடப்பட்ட பிறகு புதிய உலகத்திலும் தொடர்கிறார்கள். 2025இல் வந்த ‘பீஸ்மேக்கர்’ இரண்டாம் சீசனின் முன்கதைச் சுருக்கத்தில், முதல் சீசனில் பழைய உலகின் நாயகர் குழுவான ஜஸ்டிஸ் லீக் நின்ற இடத்தில் புதிய உலகின் ஜஸ்டிஸ் கேங்கை வைத்துக் காட்டினார்கள். பழைய காட்சியையே திருத்தி எழுதிவிட்டு நகர்ந்தார்கள். வெட்கமில்லாத வேலைதான், ஆனால் நேர்மையான வேலையும்கூட.

தவறு: டிசி படங்களை ஒரே வரிசையில் அடுக்குவது

டிசி உரிமைகள் பல காலமாக வார்னர் என்ற ஒரே குடையின் கீழ் இருப்பதால், எல்லாம் ஒன்று என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். உண்மையில் மார்வெலைவிட இங்கேதான் துண்டுகள் அதிகம். 1989 முதல் 1997 வரை வந்த நான்கு பேட்மேன் படங்கள் ஒரு தொடர்: மூன்று பேர் பேட்மேனாக நடித்தாலும் அவனுடைய பணியாளர் ஆல்ஃபிரட் நான்கிலும் மைக்கேல் கஃப்தான். கிறிஸ்டோபர் நோலனின் மூன்று படங்கள் (2005, 2008, 2012) தனி. 2013இன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ தொடங்கி 2023 இறுதியின் இரண்டாவது ‘அக்வாமேன்’ வரை ஓர் உலகம். 2019இன் ‘ஜோக்கர்’ தனி. 2022இன் ‘தி பேட்மேன்’ தனி; 2024இன் ‘தி பெங்குயின்’ தொடர் அதன் தொடர்ச்சி. ஜேம்ஸ் கன், பீட்டர் சஃப்ரன் டிசி ஸ்டுடியோஸின் பொறுப்பேற்ற பிறகு 2024 டிசம்பரில் ‘கிரியேச்சர் கமாண்டோஸ்’ அனிமேஷன் தொடரோடு ஆரம்பித்தது புதிய உலகம். 2025இன் ‘சூப்பர்மேன்’ அதில்தான் நடக்கிறது.

எனவே 2016இன் ‘சூசைட் ஸ்குவாட்’ ஜோக்கருக்கு முன்கதையாக 2019 படத்தைப் பார்ப்பது வீண். தொடருக்கு வெளியே நிற்கும் படங்களுக்கு டிசி இப்போது ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அறிவிப்பில் அந்தச் சொல்லைக் கண்டால் முன்படம் எதையும் தேட வேண்டாம். 2006இன் ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ போன்ற விசித்திரங்களும் உண்டு: 1980இன் இரண்டாம் பாகத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டு, மூன்று நான்கு பாகங்கள் வந்ததே இல்லை என்பதுபோல நடந்துகொள்ளும்.

தவறு: மல்டிவெர்ஸ் வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்பது

2021இன் ‘நோ வே ஹோம்’ பழைய ஸ்பைடர்மேன்களான மக்வயரையும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டையும் கொண்டுவந்தது. 2024இன் ‘டெட்பூல் அண்ட் வால்வரின்’ ஃபாக்ஸ் உலகத்தையே இழுத்துவந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே கதவு வைத்தால் இரண்டும் ஒரே வீடாகிவிடாது. சரிபார்க்க ஒரு வழி: வில்லன் தானோஸ் விரல் சொடுக்கியதில் பாதி உயிர்கள் ஐந்து ஆண்டுகள் காணாமல் போனது எம்சியுவில் நடந்தது. ஒரு படத்தின் உலகத்தில் அது நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். மக்வயரின் நியூயார்க்கில் நடக்கவில்லை. எக்ஸ்-மென்னின் உலகத்திலும் இல்லை. விளைவு எங்கே தொடர்கிறதோ அங்கேதான் ஒரே உலகம். ஆள் வந்துபோவது விருந்தினர் வருகை மட்டுமே.

மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயின் கேமியோவும் (சிறு தோற்றம்) அப்படியே. ஃபாக்ஸ், சோனி, மார்வெல் எல்லாரின் படங்களிலும் அவர் வந்திருக்கிறார். அதை இணைப்பாகக் கணக்கில் வைத்தால் எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம்.

உலக எண்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காமிக்ஸின் முதன்மை உலகம் எர்த்-616. சினிமா உலகத்துக்கு மார்வெல் கையேடு கொடுத்த எண் 199999. ஆனால் 2022இன் இரண்டாவது ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தில் சினிமா உலகத்தையே 616 என்று சொல்லிவிட்டார்கள். எண் ஒன்றாக இருப்பதால் காமிக்ஸில் நடந்தது படத்திலும் நடந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1991இன் ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ காமிக்ஸில் தானோஸ் மரண தேவதையின் மனதைக் கவர அழிக்கிறான். படத்தில் வளம் போதவில்லை என்பது அவன் வாதம்.

தவறு: போஸ்ட் கிரெடிட் காட்சியை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்வது

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதோ ஓடிய பிறகோ வரும் அந்தக் காட்சி பெரும்பாலும் விளம்பரம். 2014இன் இரண்டாவது ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ எதிரிகளின் கூட்டணிக்கு அடித்தளம் போட்டது. மறுவருடம் சோனி மார்வெலோடு கைகோத்ததும் அந்தத் திட்டம் போயிற்று. 2022 அக்டோபரில் வந்த ‘பிளாக் ஆடம்’ முடிவில் ஹென்றி கேவில் சூப்பர்மேனாகத் திரும்பினார். அந்த டிசம்பரிலேயே அவர் தொடரவில்லை என்று அறிவிப்பு வந்தது. அடுத்த படம் வெளியாகும்வரை இத்தகைய காட்சிகளைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.

தவறு: கதை நடக்கும் ஆண்டுப்படி பார்ப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் வெளியான வரிசையிலேயே பாருங்கள். ‘கேப்டன் மார்வெல்’ (2019) 1995இல் நடக்கிறது என்று முதலில் போட்டால், அதன் இறுதிக் காட்சி ‘இன்ஃபினிட்டி வார்’ முடிவைப் போட்டு உடைத்துவிடும். ‘பிளாக் விடோ’ (2021) 2016க்கு அடுத்து நடக்கிறது என்று அங்கே செருகினால், ‘எண்ட்கேம்’ படத்தின் முக்கிய மரணம் கடைசி நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆண்டுக் கணக்கும் எப்போதும் சரியாக இருக்காது: ஸ்பைடர்மேன் படமான ‘ஹோம்கமிங்’ (2017), ‘அவெஞ்சர்ஸ்’ படத்தின் 2012 சண்டைக்கு ‘எட்டு ஆண்டுகள் கழித்து’ என்று திரையில் போட்டது, மற்ற படங்களோடு ஒத்துப்போகவில்லை. எழுத்துப்பிழை மாதிரி கடந்துவிடுங்கள்.

ஃபாக்ஸ் எக்ஸ்-மென்னில் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ (2014) 1973ஐ மாற்றி எழுதிவிடுகிறது. முதலில் வந்த மூன்று எக்ஸ்-மென் படங்களின் சம்பவங்கள் புதிய காலக்கோட்டில் நடக்கவில்லை. 1962இல் நடக்கும் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ மட்டும் அப்படியே நிற்கிறது. ஜீன் கிரேயின் ஃபீனிக்ஸ் கதை 2006இலும் 2019இலும் இருமுறை வருவது இதனால்தான்.

தவறு: தொலைக்காட்சித் தொடர் இணைப்பு இருபக்கமும் ஓடும் என்று எதிர்பார்ப்பது

‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ (2013–2020) தொடரில், 2014இன் ‘விண்டர் சோல்ஜர்’ படம் ஷீல்ட் என்ற உளவு அமைப்பைக் கலைத்ததன் தாக்கம் முழுக்கத் தெரியும். தொடரில் நடந்த எதையும் படங்கள் திரும்பிப் பார்த்ததே இல்லை எனலாம். நெட்ஃப்ளிக்ஸின் ‘டேர்டெவில்’ (2015–2018) எம்சியுவில் சேருமா சேராதா என்ற இழுபறியில் கிடந்தது. அதன் நாயகன் சார்லி காக்ஸ் 2021இல் ‘நோ வே ஹோம்’ படத்தில் வந்தார், 2024 ஜனவரியில் டிஸ்னி பிளஸ் அந்தத் தொடர்களை எம்சியு காலவரிசையில் சேர்த்தது.

எதைப் பார்த்துவிட்டு எதற்குப் போவது என்று தேடுபவர்களுக்கு: ‘தண்டர்போல்ட்ஸ்’ (2025) பார்க்க ‘பிளாக் விடோ’வும், ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்’ தொடரும் போதும், அதில் வரும் கோஸ்ட் என்ற பாத்திரம் யாரென்று தெரிய வேண்டுமானால் ‘ஆன்ட்-மேன் அண்ட் தி வாஸ்ப்’. ‘டெட்பூல் அண்ட் வால்வரின்’ படத்துக்கு முந்தைய இரண்டு டெட்பூல், ‘லோகன்’, ‘லோகி’ தொடர். 2025இன் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ எர்த்-828 என்ற தனி உலகில் நடப்பதால், 2005, 2007, 2015 படங்கள் மூன்றும் வேண்டாம், எம்சியு முன்படமும் வேண்டாம்.