பழையாற்றுக்கு ஸ்வாட் மாடல்: ஓட்டத்தை மட்டும் பொருத்தினால் போதாது

ஸ்வாட் (ஆற்றுப்படுகையில் நீரோட்டத்தையும் தண்ணீரின் தரத்தையும் கணக்கிடும் மென்பொருள்) நிறுவி, உயர வரைபடம் ஏற்றி, துணைப்படுகை பிரித்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இது அதற்கு அடுத்த வேலையான கேலிபரேஷனுக்கு (மாடல் சொல்வது அளந்ததோடு ஒத்துப்போகும்படி அதன் எண்களைத் திருத்துவதற்கு), அதிலும் தண்ணீரின் தரத்தை அளந்த எண்களை வைத்துச் செய்வதற்கு.

தரம் எதற்கு? ஆற்றில் விநாடிக்கு 10 கன மீட்டர் ஓடினால், அதில் எவ்வளவு மழையில் வழிந்தது, எவ்வளவு நிலத்தடியிலிருந்து கசிந்தது என்று ஓட்ட அளவு சொல்லாது. சிஎன்2-ஐ (மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று தீர்மானிக்கும் எண்) கூட்டினாலும் குறைத்தாலும், மற்ற எண்களைக் கொஞ்சம் நகர்த்தினால் கிட்டத்தட்ட அதே என்எஸ்இ (மாடலின் ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) வந்து நிற்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூடுதலாக இன்னொன்று: கோதையாற்றுத் தண்ணீர் புத்தன் அணையிலிருந்து பாண்டியன் கால் என்ற கால்வாய் வழியாகப் பழையாற்றுப் பக்கம் வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கால்வாய்த் தண்ணீரையும் நிலத்தடி நீராகவே மாடல் கணக்கெழுதிவிடும்.

ஆகவே முதலில் அந்த வரத்தைப் பாயிண்ட் சோர்ஸாக (ஓர் இடத்தில் வெளியிலிருந்து வந்து சேரும் நீராக) மாடலில் சேருங்கள். தினசரி எண் கிடைக்காவிட்டால் மாதச் சராசரியாவது போடுங்கள்.

அப்புறம் மின்கடத்துதிறன், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் எண். கையில் பிடிக்கும் மீட்டர் போதும், ஆனால் 25 டிகிரிக்குத் தானே திருத்திக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். மணக்குடிக் கழிமுகத்தை ஒட்டி அளக்க வேண்டாம், அங்கே கடல்நீர் ஏறுவதால் கணக்கு எதற்கும் உதவாது.

பலரும் தடுக்கி விழுவது இனிதான், நிதானமாகப் படியுங்கள். மழை விட்ட மறுநாள் ஆற்றில் ஓட்டம் 10, மின்கடத்துதிறன் 120 என்று வையுங்கள் (எல்லாம் எடுத்துக்காட்டு எண்கள்). அதில் கால்வாய் வரத்து 4, அதன் மின்கடத்துதிறன் 60. முதலில் கால்வாயைக் கழியுங்கள், ஓட்டத்தை மட்டுமல்ல, அது கொண்டுவந்த உப்பையும்: 10 × 120 = 1200-இல் 4 × 60 = 240 போக மீதி 960, அதை மீதி ஓட்டம் 6-ஆல் வகுத்தால் 160. வழிந்தோடும் மழைநீரின் மின்கடத்துதிறன் 40, கிணற்று நீருடையது 400 என்றால், நிலத்தடிப் பங்கு 6 × (160 − 40) ÷ (400 − 40), அதாவது 2. ஸ்வாட்டுக்கு மின்கடத்துதிறன் தெரியாது, அதனால் இந்த 2-ஐ வெளியே கணக்கிட்டு மாடலின் நிலத்தடி ஓட்டத்தோடு ஒப்பிட வேண்டும். மாடல் 5 என்று சொன்னால், என்எஸ்இ எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பொருத்தத்தை நான் ஏற்கமாட்டேன். மலைச்சரிவில் மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் வரும் நீரில் உப்பு குறைவு, அதை நிலத்தடிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கருவி என்று கேட்டால், கேலிபரேஷனுக்கென்றே உள்ள ஸ்வாட்-கப் மென்பொருள் வசதியானதுதான், ஆனாலும் எனக்கு ஆர் நிரல்மொழிதான் பிடிக்கும். ஓட்டப் பிழை, நிலத்தடிப் பங்கின் பிழை இரண்டுக்கும் நாமே எடை வைத்து ஒரே இலக்காக எழுதிக்கொள்ளலாம்.

ஓட்டம் சரியானபின் வண்டல், அதன்பின் நைட்ரேட், பாஸ்பரஸ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாதக் கணக்கில் ஓட்டத்துக்கு என்எஸ்இ 0.5-க்கு மேலும் பிபயாஸ் (மொத்தத்தில் மாடல் எத்தனை சதவீதம் கூடவோ குறையவோ காட்டுகிறது என்பது) ±25 சதவீதத்துக்குள்ளும், நைட்ரஜன், பாஸ்பரஸுக்கு பிபயாஸ் ±70-க்குள்ளும் இருக்கலாம் என்பது 2007-இல் மோரியாசி குழு தந்த அளவுகோல். நைட்ரேட்டுக்கு முன் உர அட்டவணையைப் பாருங்கள். இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெற்பருவம். ஒரே பருவத்தைக் கொடுத்தால் நைட்ரேட் உச்சம் தப்பான மாதத்தில் வரும், அதைச் சரிக்கட்ட வேறு எண்களை முறுக்குவது வீண். மாதம் ஒரு தண்ணீர் மாதிரிதான் எடுத்தீர்கள் என்றால் இடைப்பட்ட நாட்களைக் கோடு போட்டு நிரப்பாமல், எடுத்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு சேர்த்தது: நைட்ரேட் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆய்வக அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் நைட்ரேட்டாகவே எழுதியிருந்தால் 4.43-ஆல் வகுக்க வேண்டும், ஸ்வாட் கொடுப்பது அதிலுள்ள நைட்ரஜனின் எடை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை ஓட்டத்தாலும் (விநாடிக்கு இத்தனை கன மீட்டர்) 86.4-ஆலும் பெருக்கினால் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று வரும். மாடலோடு ஒப்பிட வேண்டியது அந்தக் கிலோவைத்தான்.