உடையோடு நின்றுவிடாதீர்கள்: பாப் மியூசிக் வீடியோவில் பெண் சித்தரிப்பை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாப் பாடல் வீடியோவில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று எழுத உட்காருபவர்களில் பலர் முதல் வரியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். ‘பெண்ணைப் போகப்பொருளாக்கும் வீடியோ’ என்பார்கள், இல்லையென்றால் ‘பெண்ணின் வலிமையைப் பேசும் வீடியோ’ என்பார்கள். பிறகு வரும் பக்கமெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி தேடுவதிலேயே போய்விடும். திரையில் இருப்பதை முதலில் குறித்துவிட்டு, தீர்ப்பைக் கடைசிக்கு வைப்பதுதான் சரி.

ஒரே தடவை, அதுவும் பாட்டோடு சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குவது முதல் தவறு. துள்ளலான தாளம் ஓடினால் சோர்ந்த முகம்கூட உற்சாகமாகத் தெரியும். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து பாட்டை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அதன் பிறகு ஷாட் ஷாட்டாக (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுவரை ஓடுவது ஒரு ஷாட்) பிரித்து ஓர் அட்டவணை போடுங்கள்: ஷாட் எண், தொடங்கும் நேரம், குளோஸ்-அப்பா வைட் ஷாட்டா, கேமரா கோணம், கேமரா அசைவு, யார் இருக்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள், அப்போது ஓடும் பாடல் வரி. யூடியூபில் வீடியோவை நிறுத்திவைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகரும். காற்புள்ளி விசை பின்னே கொண்டுபோகும். மூன்றரை நிமிட வீடியோவில் 84 ஷாட் இருந்தால் சராசரி ஷாட் நீளம் 2.5 நொடி. முழுவதும் செய்ய நேரமில்லையென்றால் ஒரு சரணத்தையும் ஒரு கோரஸையும் முழுமையாகப் பிரித்தாலே நிறையப் பிடிபடும்.

அடிக்கடி நடப்பதும், அதிகம் கெடுப்பதும் உடையை வைத்தே முடிவுக்கு வருவதுதான். ஒரே குட்டைப் பாவாடையை இரண்டு விதமாகப் படம்பிடிக்கலாம். முழு உடலும் ஃபிரேமுக்குள் நிற்க, பாடகி தன் அடவுகளை ஆடி முடிக்கும்வரை வெட்டாமல் காட்டினால் நாம் பார்ப்பது அவள் திறமையை. அதே ஆட்டத்தை இடுப்பு, தொடை, உதடு என்று முக்கால் நொடித் துண்டுகளாக வெட்டி, முகமே இல்லாமல் அடுக்கினால் அங்கே ஆள் மறைந்து உறுப்புகள்தான் மிஞ்சும். உடையில் மாற்றமே இல்லை. ஃபிரேமும் வெட்டும்தான் மாறின. எனவே முகம் இல்லாத ஷாட்டுகள் எத்தனை, அவை யாருடையவை என்று தனியாக எண்ணுங்கள். உடல் முழுக்க மூடிய உடையிலும் இந்தத் துண்டாடல் நடக்கும், உடையை மட்டும் பார்ப்பவருக்கு அது தப்பிவிடும்.

பெண்ணை ஆணின் ஆசைக்குரிய காட்சியாகவே திரை காட்டுகிறது என்பதைக் குறிக்கும் ‘ஆண் பார்வை’ என்ற சொல்லைப் பாடுபடுத்துவது அடுத்த தவறு. திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பேசியது கதை சொல்லும் ஹாலிவுட் சினிமாவைப் பற்றி. கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, கதாபாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை என்று மூன்றை அவர் பிரித்தார். அந்தச் சினிமாவில் நடிகை லென்ஸை நேராகப் பார்ப்பது அபூர்வம். மியூசிக் வீடியோவிலோ லென்ஸைப் பார்த்துப் பாடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான வழக்கம். ஆகவே ‘அவள் நம்மை நேராகப் பார்க்கிறாள், அதனால் பார்வையைத் திருப்பியடிக்கிறாள்’ என்பது அவசர முடிவு. எந்த வரியில் கண்ணை விலக்குகிறாள், அவளைப் பார்க்கும் ஆணின் ஷாட் எங்கே செருகப்படுகிறது, அதற்கடுத்த ஷாட் அவன் நிற்கும் இடத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்று கவனியுங்கள். இயக்கியவர் பெண் என்பதாலும் இந்தக் கேள்விகள் தீர்ந்துவிடுவதில்லை.

லோ ஆங்கிள் (கேமரா கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது) என்றால் அதிகாரம், சிவப்பு என்றால் காமம் என்கிற வாய்ப்பாடுகளை ஒதுக்கிவையுங்கள். கேமரா தரையோரம் இருந்து முகத்தை நோக்கினால் ஒரு பொருள், கால்களிலேயே தங்கிவிட்டால் வேறு பொருள். நிறமும் அப்படித்தான், அதே வீடியோவில் அது வேறெங்கே வருகிறது என்று பார்த்தால்தான் பேச முடியும். ஸ்லோ மோஷனில் ஒரு நுணுக்கம் உண்டு. படப்பிடிப்பில் பாடலை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாடகி அதற்கு வாயசைக்க, நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24 ஃபிரேமில் ஓட்டினால் கூந்தலும் உடையும் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு பொருந்தும். அங்கே குரல் அவளிடமே இருக்கிறது. வாயசைப்பே இல்லாத ஸ்லோ மோஷனில் அவள் பெரும்பாலும் பார்க்கப்படுபவளாக நின்றுவிடுகிறாள். இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

எண்ணிக்கையிலும் சறுக்கல் உண்டு. ‘வீடியோவில் பெண்களே அதிகம்’ என்று எழுதினால் எதுவும் விளங்காது. எத்தனை நொடி, ஃபோகஸில் யார், பாடுவது யார், பெயரோ முகமோ பதியாமல் பின்வரிசையில் ஆடுவது யார் என்று பிரியுங்கள். பாடகியின் தோலுக்கேற்ப ஒளி அமைத்து, கறுத்த நிறத்துப் பின்னணி நடனக்காரர்களை இருட்டில் கரையவிடும் வீடியோவும் சித்தரிப்பில் ஒரு தேர்வைச் செய்திருக்கிறது. பெண் என்ற ஒற்றைச் சொல்லில் இதை மூடிவிடக் கூடாது.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பியே வாதம் கட்டுவதும் ஆபத்து. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1979இல் விளம்பரப் படங்களில் பெண்ணைப் பணிவாக, மென்மையாகக் காட்டும் குறிகளாகச் சுட்டிய சாய்ந்த தலை, பொருளைப் பிடிக்காமல் வருடும் விரல் போன்றவை பயனுள்ள கருவிகள்தாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை அசையாத படங்கள். நடனத்தில் அந்தச் சாய்வு கால் நொடியில் கடந்துபோகலாம். எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்றும் குறியுங்கள். செங்குத்துத் திரைக்காக வெட்டிய பதிப்பில் ஃபிரேமின் ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போகலாம் என்பதால், எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பாடகி பேட்டியில் ‘இது என் விருப்பம்’ என்றதை ஆதாரமாக வைத்து அலசலை முடிப்பவர்கள் ஏராளம். அவள் சொன்னதை மதிக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். ஆனால் விருப்பம் என்ற மொழியே இன்று விற்பனையின் மொழியாகவும் இருக்கிறது; ஊடக ஆய்வாளர் ரோசலிண்ட் கில் 2007இல் இதைத்தான் சுட்டினார். ஒரே வீடியோவில் வரிகள் சுதந்திரத்தைப் பாட, வெட்டுகள் உடலைத் துண்டாடலாம். அந்த முரணைச் சமன்செய்ய முயலாமல் நேரக் குறிப்போடு எழுதுங்கள். ‘வீடியோ பெண்ணை இழிவுபடுத்துகிறது’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘முதல் கோரஸின் 12 ஷாட்டுகளில் 7இல் பாடகியின் முகம் இல்லை, அந்த 7இலும் பாடும் குரல் அவளுடையது’ என்பதுபோல உங்கள் அட்டவணையிலிருந்து ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். மறுக்க நினைப்பவர் வீடியோவைத் திறந்து எண்ணிப் பார்த்தாக வேண்டும்.